நெடுஞ்சாலையா, ரயிலா, விமானமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அலசல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது சுங்கை சிப்புட். சுற்றிலும் எல்பில், ஹீவுட், டோவன்பி, கமுனிங் என்று பழைய ரப்பர்த் தோட்டப் பெயர்கள். 1959 முதல் 2008 வரை இந்தத் தொகுதிக்கு இரண்டே நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான். முதலில் துன் வீ.தி. சம்பந்தன், 1974க்குப் பிறகு துன் ச. சாமிவேலு. இருவருமே பொதுப்பணி அமைச்சர்களாக இருந்தவர்கள். நாட்டின் சாலைகளைப் போடுகிற அமைச்சு பல வருடங்கள் எங்கள் தொகுதிக்காரர் கையில் இருந்தது என்பதை இன்றும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் போக்குவரத்துத் தலைவர்களை ஒப்பிடும்போது, அவர் நம்மவரா, மேடையில் தமிழில் பேசினாரா என்பதை அளவுகோலாக வைக்க நான் தயாராக இல்லை. அவர் செய்த வேலை நம் ஊரில் நிற்கிறதா, கார் இல்லாதவரையும் ஏற்றிக்கொள்கிறதா, அதற்கான கடனைப் பின்னால் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுத்தான் எடை போட வேண்டும். இப்படிக் கேட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசை மாறிவிடுகிறது.

சம்பந்தனைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். ஆனால் அவருடைய பெரிய பணி சாலை அல்ல, 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். இருக்கும் இடம் நிலைத்தால் பட்டணத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பது அவர் வழி. அது எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றவில்லை. செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, தொழிலாளர்களின் லயன் வரிசை வீடுகள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஊருக்குப் போக்குவரத்து என்பது வாழ்வா சாவா என்கிற விஷயமானது.

சாமிவேலுவும் மகாதீரும்: சாலை

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். முதலில் அரசாங்கமே மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் மூலம் பகுதி பகுதியாகப் போட்டு வந்தது. எண்பதுகளின் நடுவில் பொருளாதாரம் சரிந்து பணம் போதாமல் போனதும், பிரதமர் மகாதீரின் தனியார்மயக் கொள்கைப்படி வேலை யூஇஎம் நிறுவனத்துக்குப் போனது. அந்த ஒப்பந்தம் சும்மா நடக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் நீதிமன்றம் போனார். 1988இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரசாங்கம் 165 கோடி வெள்ளி கடனும் கொடுத்து வேலையைத் தள்ளியது. 1994 செப்டம்பரில் முழு நெடுஞ்சாலையும் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

ஊரில் பலர் மறந்துவிடும் ஒரு தகவல் உண்டு. திறப்பு விழா நடந்தபோது சாமிவேலு பொதுப்பணி அமைச்சர் இல்லை. 1989 முதல் 1995 வரை அவர் எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சர். பொதுப்பணியில் லியோ மோகி இருந்தார். ஆனாலும் இந்தச் சாலையை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது நியாயம்தான். தொடங்கி வைத்த கடினமான வருடங்களில் அவர் அங்கே இருந்தார். 1985இல் திறந்த பினாங்குப் பாலமும் அவர் காலத்தது. திரும்ப 1995 முதல் 2008 வரை அதே அமைச்சில் அமர்ந்து, டோல் உயரும் ஒவ்வொரு முறையும் மக்கள் முன் வந்து நின்று விளக்கம் சொன்னவரும் அவரே. அந்தக் கோபத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர் அவர். ஒப்பந்த விதிகளை எழுதியவர்கள் பலர்.

சரி, எங்கள் ஊருக்கு இது என்ன செய்தது? நெடுஞ்சாலை ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப் பாதைக்குள் நுழைந்து, கிளேடாங் மலைத்தொடரைக் கடந்து, மறுபக்கமாகக் கோலகங்சாருக்குப் போகிறது. சுங்கை சிப்புட் மலையின் இந்தப் பக்கம். நெடுஞ்சாலை அமைச்சரின் சொந்தத் தொகுதி ஊருக்கு நெடுஞ்சாலையில் ஒரு வெளிவழி கிடையாது. தெற்கே ஈப்போ உத்தாராவுக்குப் போய் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வடக்கே கோலகங்சாருக்குப் போக வேண்டும். மலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரங்கம் போட முடியும், அதற்காக யாரையும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் விளைவு விளைவுதான். முன்பு ஊருக்குள் வந்துபோன வடக்குப் போக்குவரத்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய கூட்டரசுச் சாலையில் வழிப்போக்கர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்களுக்கு அது அடிதான்.

கார் உள்ள குடும்பங்களுக்கு இந்தச் சாலை பெரிய வரம். கோலாலம்பூரில் காலையில் கல்யாணம் என்றால் விடியற்காலையில் கிளம்பினால் போதும். பிளஸ் எனப்படும் இந்த நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈப்போவுக்கு அப்பால் வேலைக்குப் போகும் நம் பையன்கள் எத்தனையோ பேர் அந்தச் சலுகையில்தான் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் தூரத்து ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போனதும் நல்ல சாலைகள் இருந்ததால்தான். ஆனால் செலவின் கணக்கு முடியவில்லை. 2020இல் டோல் 18 விழுக்காடு குறைந்தது, அதற்கு விலையாக, நிறுவனம் டோல் வசூலிக்கும் சலுகைக் காலம் 2038இலிருந்து 2058 வரை நீண்டது. இப்போது தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளை நாற்பது வயதிலும் டோல் கட்டிக்கொண்டிருக்கும்.

பெயர் இல்லாத ரயில்

ரயில் எங்கள் ஊரில் நிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்தின் கனம் தலைநகரில் இருப்பவர்களுக்குப் புரிவது கடினம்.

முன்பு இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். அதனால் கால அட்டவணை என்பது உத்தேசக் கணக்காகவே இருந்தது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்மயமாக்கும் திட்டம் மகாதீர் பதவியை விட்டு இறங்கும் நேரத்தில் அறிவிக்கப்பட்டது. அடுத்த பிரதமர் அப்துல்லா படாவி வந்ததும் 2003 கடைசியில் அதைத் தள்ளிப் போட்டார். பிறகு அவர் ஆட்சியிலேயே மீண்டும் உயிர் பெற்று, 2008இல் எம்எம்சி–கமுடா கூட்டு நிறுவனம் 1,250 கோடி வெள்ளி அளவிலான வேலையைத் தொடங்கியது. அவருக்குப் பின் பிரதமரான நஜிப் காலத்தில், 2014இல் முடிந்தது. 2015 ஜூலையில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் பாடாங் பெசார் வரை ஓட ஆரம்பித்தது.

இதற்குள் எத்தனை போக்குவரத்து அமைச்சர்கள்! 1986 முதல் 2003 வரை அந்தப் பதவியில் இருந்த லிங் லியோங் சிக், அப்புறம் சான் கோங் சோய், ஓங் தீ கியாட், கோங் சோ ஹா, இடையில் பொறுப்பு வகித்த ஹிஷாமுடின், பிறகு லியோவ் தியோங் லாய். கிட்டத்தட்ட எல்லாரும் ம.சீ.ச. (மலேசிய சீனர் சங்கம்) தலைவர்கள். இவர்களில் யாருக்கும் எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. யாருடைய படமும் எங்கள் கடைகளில் மாட்டப்பட்டதில்லை. சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தைத் தன் சாதனை என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு தோட்டப்புற ஊரில் நின்று, கார் ஓட்டத் தெரியாத ஒரு பாட்டியை ஏற்றிக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. நெடுஞ்சாலையால் அந்தப் பாட்டியைத் தனியாக எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அவருக்காக யாராவது விடுப்பு எடுத்துக் காரை எடுக்க வேண்டும்.

எங்கள் தலைவர் போட்ட சாலை எங்களைச் சுற்றிக்கொண்டு போக, யாரென்றே தெரியாதவர்கள் மாறி மாறிக் கையெழுத்திட்ட ரயில் எங்கள் வாசலில் நிற்கிறது என்பதை நம் அரசியல் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. நாம் தலைவர்களை முகத்தை வைத்துத்தான் கணக்கெடுக்கிறோம். தண்டவாளத்துக்கு முகம் கிடையாது.

அந்தோணி லோக் இங்கேதான் வருகிறார். ஜ.செ.க.வை (ஜனநாயகச் செயல் கட்சி) சேர்ந்தவர், சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினர். 2018 முதல் 2020 வரை ஒருமுறையும், 2022 டிசம்பர் முதல் மறுபடியும் போக்குவரத்து அமைச்சர். அவரை நான் மதிப்பதற்குக் காரணம், கையில் இருக்கும் தண்டவாளத்தில் வண்டி ஓட்டுவதில் அவர் கவனம் வைக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் ரெங்காஸ் வரை மட்டும் வந்துகொண்டிருந்த வட்டாரக் கோமுட்டர் ரயில் 2025 தொடக்கத்தில் ஈப்போ வரை நீண்டது. இடிஎஸ்ஸுக்குத் தீபாவளி வாரத்தில் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. கோமுட்டர் அப்படி இல்லை. முன்பதிவு வேண்டாம், கட்டணமும் குறைவு. ஈப்போ மருத்துவமனைக்குப் போக, படிக்கிற பிள்ளை போய்வர இதுதான் ஏற்றது. அதற்காகப் புதிதாக மலையைக் குடைய வேண்டியதில்லை, ஏற்கெனவே கட்டிய பாதையில் இன்னும் நான்கு நிலையங்களுக்கு வண்டியை அனுப்பினால் போதும். பெரிய அறிவிப்பாக இருக்காது, ஆனால் பலன் உடனே.

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலைப் பற்றி ஒரே வரி: கைவிட்டதற்காக மட்டும் 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கட்டினோம்.

மாஸும் ஏர் ஆசியாவும்

விமானத்தில் தலைவர்களை ஒப்பிடுவது எளிது, ஏனென்றால் இங்கே முகங்கள் தெளிவு.

1994இல் தொழிலதிபர் தாஜுடின் ரம்லி மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) நிறுவனத்தின் 32 விழுக்காட்டுப் பங்கை 179 கோடி வெள்ளிக்கு வாங்கினார், பங்கு எட்டு வெள்ளி. கடன் ஏறி, நெருக்கடி முற்றியபோது அரசாங்கம் அதே எட்டு வெள்ளிக்குத் திரும்ப வாங்கியது. அப்போது சந்தையில் அந்தப் பங்கின் விலை அதில் பாதிகூட இல்லை. அந்த வித்தியாசம் பொதுப்பணம். விமானத்தில் ஏறியே பார்த்திராத பால்மரத் தொழிலாளியின் பங்கும் அதில் இருந்தது.

2005 கடைசியில் மாஸின் தலைவராக வந்த இட்ரிஸ் ஜாலா வேறு ரகம். சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியைச் சேர்ந்தவர், ஷெல் நிறுவனத்தில் வளர்ந்தவர். நட்டம் தரும் வழித்தடங்களைப் பார்த்து வெட்டி, நிறுவனத்தைத் தற்காலிகமாகவாவது இலாபத்துக்குக் கொண்டுவந்தார். 2014இல் எம்எச்370, எம்எச்17 என்று இரண்டு விமானங்களை இழந்த பிறகு அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா மாஸை முழுதாக எடுத்துக்கொண்டது. புதிய தலைவராகக் கிறிஸ்டோப் மியூலர் வந்து ஏறக்குறைய 6,000 வேலைகளைக் குறைத்தார். தலைவர்கள் மாறி மாறி வந்ததில், நீண்டகாலத் திட்டம் எதுவும் வேர்விட நேரம் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

டோனி பெர்னாண்டஸ் 2001இல் ஏர் ஆசியாவை ஒரு வெள்ளிக்கு வாங்கினார். கூடவே நான்கு கோடி வெள்ளி கடனும் இரண்டு விமானங்களும் வந்தன. வார்னர் இசை நிறுவனத்தில் இருந்தவருக்கு விமானத் தொழில் புதிது. கூட்டாளி கமாருடின் மெரானுன். அனுமதி கொடுத்தது மகாதீர். கோலாலம்பூர் விமான நிலையத்தில் 2006இல் மலிவுக் கட்டண முனையம், 2014இல் அதற்குப் பதிலாக கேஎல்ஐஏ2 முனையம். எங்களுக்கு இவற்றைவிட முக்கியமான வருடம் 2008. அந்த டிசம்பரில் ஏர் ஆசியா திருச்சிக்குப் பறந்தது.

அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு ஊருக்குப் போவது என்றால் பினாங்கில் கப்பல் ஏறுவது. எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்த பிறகு அந்த வழியும் நின்றது. பிறகு விமானம்தான், அதுவும் பல வருடம் சேமித்து, வாழ்நாளில் ஒருமுறை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாமக்கல், சேலம் பக்கத்து வேர் உள்ள குடும்பங்களுக்குத் திருச்சி என்பது வீட்டுக்கு அடுத்த நிறுத்தம் மாதிரி. அத்தையின் காரியத்துக்குப் போய் வர முடிகிறது, குலதெய்வக் கோயிலுக்குப் பேரப்பிள்ளையை மொட்டை அடிக்கத் தூக்கிப்போக முடிகிறது. எந்த அமைச்சரும் இந்த உறவை இப்படித் திரும்பக் கட்டிக் கொடுக்கவில்லை. இதை நான் பெர்னாண்டஸுக்கு மனதாரக் கொடுக்கிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் அவர் வழி தோற்றது, அது எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய பாடம். 2006இல் உள்நாட்டு வழித்தடங்களை மாற்றியமைத்தபோது சபா, சரவாக் உட்பகுதிகளுக்கான சிறு விமானச் சேவை மாஸிடமிருந்து பெர்னாண்டஸ் தரப்பின் ஃப்ளை ஏசியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்குப் போனது. ஒரு வருடம் கொஞ்சம் தாண்டியதும், 2007 அக்டோபரில், அது மாஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸிடம் வந்துவிட்டது, அரசாங்க மானியத்தோடு. மலிவுக் கட்டணக் கணக்கு கூட்டம் உள்ள தடத்தில்தான் ஓடும். இருபது பேர் ஏறும் இடத்துக்கு வண்டி வர வேண்டுமானால் அரசாங்கம் பணம் போட்டாக வேண்டும். எல்பில் தோட்டத்து மக்களுக்குப் பேருந்து வராததற்கும் இதே காரணம்தான்.

அமைச்சரும் முதலாளியும் எதிரெதிரே

2018இல் ஆசியான் அல்லாத வெளிநாட்டுப் பயணங்களுக்கான விமான நிலையச் சேவைக் கட்டணம் கேஎல்ஐஏ2விலும் 50 வெள்ளியிலிருந்து 73 வெள்ளியானது. ஏர் ஆசியா கூடுதல் 23 வெள்ளியை வாங்க மறுத்தது. பெரிய முனையத்தில் உள்ள வசதிகள் இங்கே இல்லை, பின்னே எதற்கு ஒரே கட்டணம் என்பது அதன் வாதம். 2019 அக்டோபரில் லோக், முதன்மை முனையம் தவிர மற்ற விமான நிலையங்களில் கட்டணத்தை 50க்கே இறக்கினார். நிலுவைத் தொகைக்காக அதே வருடம் நீதிமன்றம் ஏர் ஆசியாவுக்கு எதிராக 4 கோடியே 7 இலட்சம் வெள்ளித் தீர்ப்பளித்தது. வழக்கில் விமான நிலைய நிறுவனம் வென்றது, கட்டணத்தில் பயணி வென்றார். நான்கு பேர் கொண்ட குடும்பம் திருச்சிக்குப் போகும்போது 92 வெள்ளி மிச்சம், அது சின்னத் தொகை இல்லை.

அதே பெர்னாண்டஸ் 2018 தேர்தலில் அப்போதைய ஆளும் கூட்டணியான பாரிசான் நேஷனலின் நீல வண்ணம் பூசிய விமானத்தில் நஜிப்பை ஏற்றிக்கொண்டு போனார். ஆட்சி மாறியதும், அழுத்தம் தாங்காமல் செய்துவிட்டேன் என்று பொதுவில் மன்னிப்புக் கேட்டார். வழித்தடமும் உரிமமும் அரசாங்கத்தின் கையில் இருக்கும் தொழிலில் எந்த முதலாளியும் முழுச் சுதந்திரன் அல்ல என்பதற்கு அந்த வாரமே சாட்சி. அப்புறம் பெருந்தொற்று. விமானங்கள் நின்றன, ஏர் ஆசியா எக்ஸின் கடன் சீரமைப்பில் பயணிகளுக்குப் பணத்துக்குப் பதில் பயணப் பற்றுச்சீட்டு. ஒருமுறை போவதற்காக வருடக்கணக்கில் சேர்ப்பவருக்குப் பற்றுச்சீட்டு பணம் ஆகாது. மலிவு டிக்கெட்டின் ஆபத்தைக் கடைசியில் சுமந்தவர் பயணிதான்.

எங்கள் ஊரிலிருந்து எதற்கு எது

கோலாலம்பூருக்குத் தனியாளாகவோ வயதானவரோடோ போவதென்றால் இடிஎஸ். நாலைந்து பேர் சேர்ந்தால் கார்தான் மலிவு. ஈப்போ, தைப்பிங், பட்டர்வொர்த் போய்வரக் கோமுட்டர். தமிழ்நாட்டுக்கு என்றால், திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்குக் கேஎல்ஐஏ2 இன்னமும் நேர்வழி, ஆனால் அங்கே போய்ச் சேருவதே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் போனால் அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் ஆளுக்கு 55 வெள்ளி. பேருந்து எவ்வளவோ குறைவு. சென்னைப் பக்கம் என்றால் 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைப் பாருங்கள். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி. கப்பல் காலத்தில் நம்மவர்கள் வந்திறங்கிய அதே பினாங்குதான்.

நாட்டுக்குச் செய்தது என்று பார்த்தால் சாமிவேலுவும் மகாதீரும் முன்னே நிற்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுங்கை சிப்புட்டுக்குச் செய்தது என்று பார்த்தால் அந்தப் பெயரில்லாத ரயிலுக்கு முதலிடம், திருச்சி விமானத்துக்காகப் பெர்னாண்டஸுக்கு அடுத்த இடம், நெடுஞ்சாலைக்கு மூன்றாவது. லோக்கின் இடத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை. காரணம், ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில கிலோமீட்டர். இரவு ரயிலில் வந்து இறங்கும் ஓர் அம்மா லிந்தாங் பக்கமோ லாசா பக்கமோ போக வேண்டுமென்றால் மகன் மோட்டாரில் வர வேண்டும், அல்லது கிராப் வாடகைக் கார் கிடைக்கிறதா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு வரம்பில்லாமல் பயணம் செய்யும் அட்டை தலைநகர்வாசிகளுக்கு இருக்கிறது, செயலியில் கூப்பிட்டால் வரும் சிறு வேனும் அவர்களுக்கு இருக்கிறது. ஈப்போ நகரப் பேருந்துகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அந்த வேன்களில் இரண்டை இங்கே அனுப்பி, கோமுட்டர் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் நிற்க வைக்கலாம். 1,250 கோடி போட்டுப் போட்ட பாதைக்கு இது ஒரு செலவே இல்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எங்கள் சாவடிக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், அந்த வேன் எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.